ஆர்லாண்டோ டைம்ஷேர்: நாங்கள் ஏன் 2042-ஐத் தேர்ந்தெடுத்தோம்

புளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கம் டைம்ஷேர், அதாவது ஒரு ரிசார்ட்டில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமை, வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? எந்த ரிசார்ட், எத்தனை அறை, டிஸ்னி கேளிக்கைப் பார்க்குகளுக்கு எவ்வளவு தூரம் எல்லாம் அப்புறம். பலருக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கிறது. சொத்து வாங்குகிறோம், சொத்துக்கு எதற்கு முடியும் ஆண்டு என்று நினைக்கிறார்கள். "நம்ம காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு இருக்கும்ல" என்று சந்தோஷமாகச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்குக் கவலையே அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

வாங்கும்போது கொடுக்கும் பணத்தோடு டைம்ஷேர் முடிவதில்லை. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கூரை மாற்றுவது, நீச்சல்குளம், ஊழியர் சம்பளம், பழைய சோபாவைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவது, சொத்துவரி எல்லாம் அதில்தான் நடக்கிறது. அந்த ஆண்டு நீங்கள் போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். ஆர்லாண்டோவின் பழைய ரிசார்ட்கள் பலவற்றில் ஒப்பந்தம் பத்திரப்பதிவோடு வரும், அதற்கு முடிவு கிடையாது. வாங்கியவர் இறந்த பிறகும் அந்தப் பத்திரம் அவர் விட்டுச் சென்றவற்றோடு சேர்ந்தே இருக்கும். வாரிசுகள் வேண்டாம் என்று முறைப்படி எழுதிக்கொடுத்து விலகலாம்தான். ஆனால் பெற்றோரை இழந்த நேரத்தில் எந்தப் பிள்ளை இதையெல்லாம் தேடிப் படிக்கும்?

டிஸ்னி நடத்தும் டிஸ்னி வெகேஷன் கிளப்பில் இது வேறு மாதிரி. 1991-இல் இன்று ஓல்டு கீ வெஸ்ட் என்று அழைக்கப்படும் ரிசார்ட்டோடு தொடங்கினார்கள். அவர்கள் கொடுப்பது நிலத்தின் மீதான குத்தகை உரிமை. அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. ஓல்டு கீ வெஸ்ட், போர்டுவாக், பீச் கிளப் மூன்றும் 2042 ஜனவரியோடு முடிகின்றன. (ஓல்டு கீ வெஸ்ட்டில் மட்டும் சிலர் கூடுதல் பணம் கட்டி 2057 வரை நீட்டித்திருக்கிறார்கள்.) சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054, அனிமல் கிங்டம் வில்லாஸ் 2057, பே லேக் டவர் 2060, பாலினேசியன் 2066, ரிவியரா 2070. அந்தத் தேதி வந்ததும் எல்லாம் டிஸ்னிக்கே திரும்பிவிடும். கட்டணம் கட்ட வேண்டியதும் அன்றோடு நின்றுவிடும். "கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதே" என்று இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் பெரிய நிறை. 2042-இல் என் மகளுக்கு 26 வயது, மகனுக்கு 23. அதற்கு மேல் அவர்கள் எங்கே போக வேண்டும் என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவில். ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கினால் ஆறேழு மணி நேரத்தில் ஆர்லாண்டோ. விமான டிக்கெட் இல்லை, காரின் பின்பக்கம் அரிசிப் பை, குக்கர், இட்லித் தட்டு வரை ஏற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் டைம்ஷேர் என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டோம். கலிபோர்னியாவிலோ சியாட்டிலிலோ இருந்துகொண்டு புளோரிடாவில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

ரிசார்ட்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், எங்கள் வீட்டில் யார் யார் கிளம்புவார்கள் என்று சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு பேர். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வரும் ஆண்டுகளில் ஆறு பேர். அத்தைக்கு முழங்கால் வலி. மாமாவுக்கு மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது படுக்க வேண்டும். இருவரும் சைவம், வெளிச்சாப்பாடு இரண்டு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ரிசார்ட் பட்டியலைப் பார்த்தால் பாதி தானாகவே அடிபட்டுப் போகும்.

முதலில் சமையலறை. டிஸ்னி ரிசார்ட்களில் ஸ்டூடியோ என்பது ஒரே அறை. மைக்ரோவேவும் சின்னக் குளிர்பெட்டியும் இருக்கும், அடுப்பு இருக்காது. தயிர் வைக்கலாம், பால் சுட வைக்கலாம், அவ்வளவுதான். ஒற்றைப் படுக்கையறை வில்லாவிலிருந்துதான் அடுப்போடு முழுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் வரும். டிஸ்னியில் ஆண்டுக்கு இத்தனை பாயிண்ட் என்று வாங்கி, அறைக்கு அதைத்தான் செலவழிப்போம். அந்தப் பாயிண்ட் கணக்கில் ஸ்டூடியோவுக்கும் இதற்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். பெரியவர்கள் கூட வந்தால் ஸ்டூடியோ நமக்கு ஆகாது. காலையில் உப்புமாவோ பொங்கலோ கிளறிச் சாப்பிட்டுவிட்டு, தயிர்சாதத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு பார்க்குக்குக் கிளம்பலாம். டிஸ்னி பார்க்குகளில் வெளிச்சாப்பாட்டைத் தாராளமாக உள்ளே எடுத்துப்போகலாம். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. கடுகு தாளிக்கும்போது பால்கனிக் கதவைத் திறந்துவைத்து விசிறியையும் போட்டுவிடுங்கள். புகை அலாரம் அடித்தால் மாடியில் இருக்கிற எல்லோருக்கும் தொல்லை.

அடுத்தது குளியலறை. ஆறு பேர் காலை எட்டு மணிக்குள் தயாராக வேண்டும் என்றால் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. அனிமல் கிங்டமின் கிடானி வில்லேஜிலும் பே லேக் டவரிலும் இரண்டு படுக்கையறை வில்லாவுக்கு மூன்று முழுக் குளியலறைகள். மற்ற பல ரிசார்ட்களில் இரண்டுதான்.

மூன்றாவது லிஃப்ட். ஓல்டு கீ வெஸ்ட்டில் ஒரு முறை வேறொருவரின் பாயிண்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். இடம் என்றால் அப்படி ஓர் இடம். ஒற்றைப் படுக்கையறை வில்லாவே 942 சதுர அடி, டிஸ்னி ஸ்டூடியோக்களின் இறுக்கம் துளியும் இல்லை. பெரிய பால்கனி, எதிரே கோல்ஃப் மைதானம், சாயங்காலமானால் நாரைகள் வந்து நிற்கும். ஆனால் அங்கே பெரும்பாலான கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, சில கட்டடங்களில் மட்டுமே உண்டு. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் மாடி. அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "வீடு ரொம்ப நல்லா இருக்கும்மா. அடுத்த தடவை கீழ் வீடா கேளு" என்றார். கீழ்த்தளம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதலாம், கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. விசாலத்துக்காகவே வாங்க நினைத்த ரிசார்ட்டை அந்தப் படிக்கட்டில்தான் விட்டோம்.

அனிமல் கிங்டமை விடுவது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. விலங்குகள் மேயும் புல்வெளி பக்கம் அறை கிடைத்தால் காலையில் காப்பித் தம்ளரோடு பால்கனியில் நின்று ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கலாம். கிடானியில் இருக்கும் சனா என்ற உணவகத்தில் ஆப்பிரிக்கச் சமையலோடு இந்திய ருசியும் கலந்திருக்கும். நான் ரொட்டியும் குல்ச்சாவும் வரிசையாகச் சட்னி வகைகளும் வைத்துத் தருவார்கள். மாமா அங்கே மறுபடி போகலாமா என்று அவராகவே கேட்டார். மூன்று குளியலறை, லிஃப்ட் எல்லாம் உண்டு. குறை ஒன்றுதான்: தூரம். மற்ற பார்க்குகளிலிருந்து தள்ளி, தென்மேற்கு மூலையில் தனியாக இருக்கிறது. எங்கே போனாலும் பஸ். அனிமல் கிங்டம் பார்க்குக்கே கூட நடந்து போக முடியாது. மதியம் பெரியவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போவதென்றால் பஸ் காத்திருப்பிலேயே பாதிப் பொழுது போய்விடும். போதாததற்கு ஒப்பந்தம் வேறு 2057 வரை.

கடைசியில் எங்களுக்கு அமைந்தது போர்டுவாக். ஏரிக்கரை ஓரமாக மரப்பலகை பாவிய நடைபாதை, அதன் மேல் பழைய அட்லாண்டிக் கடற்கரை ஊர்களின் சாயலில் கட்டிய கட்டடம். இங்கிருந்து டிஸ்னியின் எப்காட் பார்க்கின் பின்வாசலுக்குச் சில நிமிட நடை. இன்டர்நேஷனல் கேட்வே என்று பெயர். உள்ளே நாடுகளின் பெயரில் அரங்குகள் இருக்கும்; நுழைந்தால் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவில் நிற்பீர்கள். ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்குக்கு வாய்க்கால் ஓரமாகவே பாதை இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்குப் படகு. கேட்வே பக்கத்திலேயே ஸ்கைலைனர் நிலையமும் உண்டு. அந்தத் தொங்கு வண்டி 2019-இல் ஓடத் தொடங்கியது.

வாங்குவதற்கு முன் இங்கேயும் வாடகைப் பாயிண்டில் தங்கிப் பார்த்தோம். எப்காட்டில் காலை முழுக்கச் சுற்றிவிட்டு, பன்னிரண்டரை மணி வெயிலில் மாமா என் கணவரைப் பார்த்து, "நான் போய்ப் படுக்கிறேன்ப்பா, நீங்க பாருங்க" என்றார். பின்வாசல் வழியாக இருவரும் அவர்களாகவே நடந்து அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் கூடப் போக வேண்டியிருக்கவில்லை. நான்கு மணிக்குப் பிள்ளைகள் ஜப்பான் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, தூங்கி எழுந்து முகம் கழுவி விபூதி வைத்துக்கொண்டு இருவரும் திரும்பி வந்தார்கள். ராத்திரி வாணவேடிக்கை முடிந்து கூட்டம் பஸ்ஸுக்கு வரிசை கட்டிய நேரத்தில் நாங்கள் அறையில் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். வயதானவர்கள் வேண்டும்போது வந்து வேண்டும்போது போக முடிகிற இடம் என்பது விளம்பரத்தாளில் எங்குமே எழுதப்படாத வசதி. அதற்காக மூன்றாவது குளியலறையை விட்டுக்கொடுக்கலாம். போர்டுவாக்கின் தாழ்வாரங்கள் மிக நீளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்டிலிருந்து கடைசி அறைக்கு நடப்பதற்குள் முழங்கால்காரர்களுக்கு அலுத்துவிடும். லிஃப்ட் பக்கத்தில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவைப்பது நல்லது.

பாயிண்ட் முறையைப் பற்றிப் பொதுவாக எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து போகும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆண்டுக்கு 150 பாயிண்ட் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் எல்லா ஆண்டும் வர மாட்டார்கள். விசா, உடம்பு, ஊரில் கல்யாணம் காட்சி என்று ஏதாவது இருக்கும். அவர்கள் வராத ஆண்டின் பாயிண்டை அடுத்த ஆண்டுக்குச் சேமித்துவைக்கலாம். வரும் ஆண்டின் பாயிண்டை முன்கூட்டியே கடன் வாங்கவும் செய்யலாம். ஆக, அவர்கள் வரும் ஆண்டில் போன ஆண்டு, இந்த ஆண்டு, அடுத்த ஆண்டு மூன்றையும் சேர்த்து 450 பாயிண்டில் இரண்டு படுக்கையறை வில்லா எடுத்துவிடலாம். குறிப்பிட்ட வாரம் என்று எழுதிக்கொடுத்த பழைய மாதிரி டைம்ஷேரில் இந்த வசதி இப்படி அமையாது. ஒரே நிபந்தனை, சேமிப்பதை உங்கள் பாயிண்ட் ஆண்டு தொடங்கிய முதல் எட்டு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். பிப்ரவரியில் ஆண்டு தொடங்கினால் செப்டம்பர் 30 கடைசி நாள். அதைத் தவறவிட்டால் அந்த ஆண்டுக்குள் செலவழித்தாக வேண்டும்.

பதிவு செய்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எந்த ரிசார்ட்டில் வாங்கினீர்களோ அங்கே 11 மாதத்துக்கு முன்னாலேயே அறை பிடிக்கலாம். மற்ற டிஸ்னி ரிசார்ட்களில் 7 மாதத்துக்கு முன்புதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும், போர்டுவாக்கில் பாயிண்ட் குறைவான சாதாரணக் காட்சி (ஸ்டாண்டர்ட் வியூ) அறைகளுக்கும், 11 மாதம் திறக்கும் நாளன்று காலையிலேயே உட்கார வேண்டும். ஏழு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மலிவான ரிசார்ட்டில் வாங்கி, மனதில் வேறொன்றை வைத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஊரிலிருந்து வருகிறவர்களின் பயணத் தேதி 11 மாதத்துக்கு முன் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். பிடித்துவைத்துவிடுங்கள். 31 நாளுக்கு முன்பே ரத்து செய்தால் பாயிண்ட் சேதாரமில்லாமல் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் தனிக் கணக்குக்குப் போய்விடும். பதிவு செய்யும் நாளிலிருந்து 60 நாளுக்குள் தங்குவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும்.

டிஸ்னிக்கு வெளியே இருப்பவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விண்டம் நிறுவனத்தின் பானெட் கிரீக் ரிசார்ட் மூன்று பக்கமும் டிஸ்னி நிலம் சூழ இருக்கிறது. கிஸ்ஸிமி பக்கம் 192-ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஆரஞ்சு லேக் ரிசார்ட்டை, ஹாலிடே இன் ஹோட்டல்களை ஆரம்பித்த கெம்மன்ஸ் வில்சன் 1982-இல் தொடங்கினார். மாரியட்டின் கிராண்டே விஸ்டா, சைப்ரஸ் ஹார்பர் இரண்டும் அமைதியான ஏரிக்கரை இடங்கள். அறைகள் டிஸ்னியைவிடப் பெரியவை. ஆனால் டிஸ்னி பஸ் வராது, பார்க் வாசலில் வண்டி நிறுத்தத் தினமும் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. இவற்றில் பலவற்றின் மறுவிற்பனை விலையைப் பாருங்கள். பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய வாரத்தை ஒரு டாலருக்கு விற்க விளம்பரம் போட்டிருப்பார்கள், அதற்கும் ஆள் வராமல் கிடக்கும். தங்குவதற்கு அருமையான இடங்கள், மறுக்கவே மாட்டேன். அந்த உரிமையாளர்களிடமிருந்தோ ஹோட்டல் தளங்களிலோ வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். பத்திரத்தில் கையெழுத்து போட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

டைம்ஷேர் விற்க நடத்தும் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க் டிக்கெட்டில் தள்ளுபடி, 90 நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்று கூப்பிடுவார்கள். எங்களைக் கூப்பிட்ட இடத்தில் அது சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியது. ஒருவர் பேசி முடித்ததும் மேலாளர் என்று இன்னொருவர், அவருக்குப் பின் இன்னொருவர். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்றார்கள். பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை. பெரியவர்களை வைத்துக்கொண்டு அப்படி உட்காரவைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. அங்கே யாராவது கையெழுத்து போட்டுவிட்டு வந்திருந்தால் பதற வேண்டாம். புளோரிடா சட்டப்படி 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், பணம் திரும்ப வரும். அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக எதில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் ரத்துக் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி இருக்கும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்னியிலும் நேரடியாக வாங்குவதற்கும் மறுவிற்பனையில் வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. நேரடி விலை ஒரு பாயிண்டுக்கு 200 டாலருக்கு மேல் போகிறது. 2042-இல் முடியும் ரிசார்ட்கள் மறுவிற்பனையில் அதைவிட வெகுவாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மறுவிற்பனையில் வாங்குபவர்களுக்கு 2016 முதல் உறுப்பினர் சலுகைகள் கிடையாது: ஆண்டு பாஸ் சலுகை, எப்காட்டில் உறுப்பினர்களுக்கான ஓய்வறை போன்றவை. 2019 ஜனவரிக்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்கிய பழைய ரிசார்ட் பாயிண்டை ரிவியராவிலும் பயன்படுத்த முடியாது. ரிவியராவையே மறுவிற்பனையில் வாங்கினால் ரிவியராவில் மட்டும்தான் தங்கலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி ரிவியராவை நேரடியாக வாங்கப் பார்க்கிறான். அவனுக்குச் சொன்னது: "2070-இல உனக்கு 82 வயசுடா. நடுவுல விக்க நெனச்சா, வாங்குறவனுக்கு அந்த ஒரே ரிசார்ட்தான். அதையும் சேர்த்துக் கணக்குப் போடு."

மாதா மாதம் கடன் கட்டித்தான் வாங்க முடியும் என்றால் வாங்காதீர்கள். டைம்ஷேர் கடனுக்கான வட்டி வீட்டுக் கடனைவிட மிக அதிகம். 150 பாயிண்டுக்கு, பாயிண்ட் ஒன்றுக்கு 9 டாலர் என்று பராமரிப்பு வைத்தாலே ஆண்டுக்கு 1,350 டாலர். பார்க் டிக்கெட் இதில் அடங்காது; அடங்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்கள் நிறைய.

கணக்கெல்லாம் சரியாக வந்து மறுவிற்பனையில் வாங்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: பாயிண்ட் ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது, இந்த ஆண்டின் பாயிண்ட் மிச்சம் இருக்கிறதா, விற்பவர் அடுத்த ஆண்டுடையதையும் கடன் வாங்கித் தீர்த்துவிட்டாரா, நடப்பு ஆண்டின் பராமரிப்பை யார் கட்டுவது, பத்திரச் செலவு யாருடையது. விலை பேசி முடித்த பிறகும், அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு. அவர்கள் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் வரை உங்களுடையது ஆகாது. எங்களுக்கு முதலில் அமைந்த ஒன்றை அப்படித்தான் டிஸ்னி எடுத்துக்கொண்டது. முன்பணம் முழுவதும் திரும்பி வந்தது, அடுத்ததைத் தேடினோம்.